பத்தாயிரத்து ஏழு

மேற்கு மலை முகடுகளில் கார்முகில் கவிந்து, காற்றாலைகளும் சுழலாது நின்ற மாலைப்பொழுது அது. முல்லையாற்று நீருண்டு தலைமடையில் வாழை செழித்திருக்க, கடைமடைக் கழனிகளோ வெடித்த வாய் மூடாமல் வானம் பார்த்துக் கிடந்தன. அனுமந்தன்பட்டியின் புறத்தே, காவல் அம்மனின் தோப்பில், ஒன்பது கிளைப் பங்காளிகளும் ஒன்பது கலயங்களின் பின்னே அமர்ந்திருந்தனர். சிலர் முதுகுக்குப் பின்னே மண்வெட்டிகள் கிடந்தன. அவை மண்ணை வெட்டக் கொணர்ந்தவை அல்ல என்பதை, அறிவுடையீர், நாம் மறைப்பானேன்?

ஆண்டுதோறும் மடை திறக்குமுன், வீட்டுக்கொரு பிடியாக எண்ணாமல் அள்ளிய புளியங்கொட்டைகளைக் குவித்து, கலயத்துக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றி இடுவது அவர்தம் வழக்கம். கடைசிக் கொட்டை ஒன்பதாம் கலயத்தில் விழுந்தால் அம்மன் ஒப்பினாள்; நீர் முறைவைத்துப் பாயும். முன்னரே தீர்ந்துவிட்டால் முறை முறிந்தது. வல்லவன் கையில் மடை. எவர் நினைவிலும் அது முறிந்ததில்லை.

தேனியில் கல்லூரி மாணவர்க்குக் கணக்குக் கற்பிக்கும் தேவயானி, அக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முதன்முறையாக இதனைக் காண்கிறாள். அவள் கணவன் சுருளிராஜனே இவ்வாண்டு மடைக்காவலன். முறை முறிந்தால் முதல் வெட்டு மடையில் தனித்து நிற்பவன்மேல் விழும் என்று உணர்ந்தவள், அச்சம் தாளாமல் ஒவ்வொரு கொட்டையையும் மனத்துள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

குவியல் தீர்ந்தது. ஒன்பதாம் கலயத்துக்கு ஒன்று குறைந்தது. அது கடைமடைக்காரன் முத்துவீரனின் கலயம். பிடியைக் குறைத்தவன் எவன் என்று முணுமுணுப்பு எழுந்தது. குடித்தலைவர் ராக்கையாவோ சிறிதும் பதறாமல், சிந்தியது உண்டோவென்று தேடுவார்போல, மூடிய கையோடு மண்ணில் குனிந்தார்.

தேவயானி தான் எண்ணிய தொகையை நூற்றுக்குட்பட்ட பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்திருந்தாள். எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. குற்றம் எவர்மேலும் இல்லை, எண்ணின் இயல்பே அது என்று தெரிந்தால் சினம் தணியுமென்று பேதை நம்பிவிட்டாள்.

"கீழ எதுவும் விழுகல மாமா. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன், பத்தாயிரத்து ஏழு. அது பகா எண். எத்தனை கூறு போட்டாலும் சமமா வராது."

முத்துவீரன் எழுந்து தன் கலயத்தை வாய்க்காலில் கவிழ்த்தான்.

"மதினியே சொல்லீட்டாக. கூறு போட முடியாததுக்கு இனி எதுக்கு முறை?"

மண்வெட்டிகள் எழுந்தன. ஆடவர் மடையை நோக்கி விரைந்தனர். குனிந்த ராக்கையா நிமிரவே இல்லை. இருந்தவாறே தேவயானியிடம் தம் கையை விரித்தார். உள்ளங்கையில், வியர்வையில் நனைந்து, ஒரே ஒரு புளியங்கொட்டை இருந்தது.

"விழுகலேன்னு எனக்குந் தெரியும், ஆத்தா. வருசா வருசம் தெரியும்."

அந்த ஒன்றை மண்ணில் கண்டெடுத்ததாகக் கூட்டியிருந்தால் ஒன்பதும் சமமாக நிறைந்திருக்கும் என்பதை அவள் கணக்கறிந்த நெஞ்சம் அக்கணமே கண்டுகொண்டது. கால்கள் மடையை நோக்கி ஓடின. ஆயினும் அவள் சென்று சேருமுன், மடைப்பலகை பிளக்கும் ஓசையும், அதனைத் தொடர்ந்து தன் கணவனின் குரலும் அவள் செவியில் விழுந்தன. அக்குரல் மறுமுறை எழவில்லை.

பத்தாயிரத்து ஏழு பகா எண்ணே. அவள் கணக்கில் பிழை ஏதும் இல்லை. பிழையில்லாத அக்கணக்கை நெஞ்சில் சுமந்துதான் அவள் இனி வாழ்ந்தாக வேண்டும்.