முதல் வாக்கியம்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் பவளத்தீவு ஃபுனாஃபுதிக்கு இரண்டு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். ஒன்று பெரிய கடல் ஓதம், இன்னொன்று அதைப் படம் பிடிக்க வரும் டி.வி.க்காரர்கள். அந்த நாலைந்து நாளும் சாயங்காலமானால் தரையில் இருக்கிற பொத்தல் வழியாகவெல்லாம் கடல் தண்ணீர் கொப்பளித்து ஏறும், கணுக்காலளவு நிற்கும், பிறகு வடிந்து போகும். கடல் ஏறுகிறது என்பதில் பொய் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு வருஷம் கூடத்தான் செய்கிறது. ஆனால் மிச்ச முந்நூற்று அறுபது நாளும் விமான ஓடுபாதையில் வாலிபால் ஆடுகிறோமே, அதைப் பிடிக்க ஒரு கேமராவும் இதுவரை வந்ததில்லை. பார்க்கிறவன் வயிறு கலங்கினால்தானே அவர்களுக்குப் பிழைப்பு.

தெமுகிசாவுக்கும் அதில்தான் பிழைப்பு. வருகிறவர்களுக்கு வண்டி பிடித்துக் கொடுப்பாள், ஆள் பிடித்துக் கொடுப்பாள், பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பாள். ஏழு வருஷப் பழக்கத்தில் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரியும். கேட்கிற நிருபரின் குரலை டி.வி.யில் போட மாட்டார்கள். அதனால் பதில் தன்னந்தனியாக நின்றாலும் புரிய வேண்டும். கேமராவைக் கண்டு மிரள்கிறவர்களுக்கு அவள் ஒரு சுலபவழி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அவங்க கேட்டதையே முதல்ல ஒரு வாக்கியமா சொல்லிடுங்க. கொஞ்சம் மூச்சு விடுங்க. அப்புறம் உங்க பதிலைச் சொல்லுங்க. அவங்களுக்கு ஒட்டவும் வெட்டவும் வசதியா இருக்கும்."

அந்த வருஷம் வந்த நிருபருக்கு ஒரு முதியவர் தேவைப்பட்டார். "முகத்தில் வாழ்க்கை தெரியணும்" என்றான். தெமுகிசா தன் மாமா தினிலாவுவைக் கூட்டி வந்தாள். அம்மாவின் அண்ணன். முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர். கடல் வெயிலையே பார்த்துப் பார்த்து அவர் கண்ணில் சதை வளர்ந்திருந்தது. வெளிச்சம் பட்டால் போதும், தண்ணீர் கொட்டும்.

அவர் வீடு மேட்டில் இருந்தது. சொட்டு ஈரம் இல்லை. நிருபர் சுற்றிலும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஓடுபாதைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அங்கே கூட்டிப்போய் முழங்கால் தண்ணீரில், வெயிலைப் பார்த்து நிற்கச் சொன்னான்.

"இது என் வீடு இல்லையே" என்றார் மாமா.

"நின்னுதான் குடுங்களேன் மாமா. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்றாள் தெமுகிசா.

வந்தவன் கேட்டதை இல்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு வராது. நின்றார். கடல் ஏறினால் தீவை விட்டுப் போய்விடுவீர்களா என்று நிருபர் கேட்டான். அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே அட்சரம் பிசகாமல் செய்தார்.

"கடல் ஏறினா நான் இந்தத் தீவ விட்டுப் போயிடுவேன்." மூச்சு விட்டார். "அப்படித்தான் வெளிநாட்டுல எல்லாரும் பேசிக்கிறாங்க. பேசட்டும். என் பொண்டாட்டிய இந்த மண்ணுலதான் புதைச்சு வச்சிருக்கேன். மண்ணை மேடாக்கிட்டு இங்கயே கிடப்பேனே தவிர எங்கயும் போறதா இல்ல."

தெமுகிசா முழுசாகத்தான் மொழிபெயர்த்தாள். நிருபர் தலையாட்டினான், மாமாவின் கையைக் குலுக்கினான், விமானம் ஏறினான்.

மாமா மண்ணை மேடாக்குவேன் என்றது வாய்ப்பேச்சு இல்லை. காயல் பக்கம் மணல் கொட்டி உயர்த்த வேண்டும் என்று நாலு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். பதினோரு குடும்பம் கரை நிலத்தைப் பொதுவுக்கு விட்டுத்தர வேண்டும். பத்துப் பேர் சரி என்றாகிவிட்டது. பாக்கி செலுகா ஒருவன்தான். அவன் நிலம் நட்டநடுவில் கிடந்தது. அது இல்லாமல் வேலையே நடக்காது. "பெரியவர் கூடவே இருக்கிறதா இருந்தா தர்றேன்" என்று கடைசியில் அவனும் இறங்கி வந்திருந்தான். ஊர்க் கூட்டத்தில் வாயால் சொல்ல வேண்டியதுதான் மிச்சம்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு நிகழ்ச்சி வெளியானது. மத்தியானத்துக்குள் ஊரில் எல்லார் போனிலும் ஓடியது. தெமுகிசா தபால் நிலைய வாசலில் நின்று பார்த்தாள். முழங்கால் தண்ணீரில் மாமா. கண்ணிலிருந்து தாரையாக நீர். பின்னணியில் நம் தேவாலயப் பாட்டு. "கடல் ஏறினா நான் இந்தத் தீவ விட்டுப் போயிடுவேன்." அதோடு வெட்டிவிட்டார்கள். அந்த மூச்சு விட்ட இடம் கத்தி வைக்கத் தோதாக இருந்திருக்கிறது.

அன்றைக்கே நிருபருக்கு எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. நேரம் போதவில்லையாம், ஆனால் அவருடைய உணர்வை அப்படியே கொண்டு வந்திருக்கிறார்களாம், ஊரில் எல்லாரிடமும் நன்றி சொல்லச் சொல்லியிருந்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த டி.வி.க்காரர்களின் புளுகைப் பார்த்து வருஷா வருஷம் விழுந்து விழுந்து சிரிக்கிற ஊர் இது. பக்கத்து வீட்டுப் பன்றிக்கொட்டகையைக் காட்டி மூழ்கும் கிராமம் என்றபோது எப்படிச் சிரித்தோம். அதே நாம்தான், நம் ஆள் நம் பாஷையில் சொல்கிறார் என்றதும் நம்பிவிட்டோம். சொந்தக் குரல் ஆயிற்றே, பொய்யாகவா இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

சனிக்கிழமை கூட்டம். மண்டபத்தில் மூத்தவர்கள் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் பெண்களோடு தெமுகிசா இருந்தாள். செலுகா முறை வந்ததும் அவன் நிலத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

"பெரியவர ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போயிடுவேன்னு சொன்னீங்களா, இல்லயா?"

"சொன்னேன்" என்றார் தினிலாவு. "அதுக்கப்புறமும் சொன்னேன்."

"அந்த அப்புறத்தைத்தான் யாரும் பார்க்கலயே. அழுததப் பார்த்தோம்."

"என் கண்ணு எப்பவும் ஒழுகும். உனக்குத் தெரியாதா?"

"மாட்டிக்கிட்டவங்க எல்லாருமே ஏதாவது சொல்றதுதான்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. லேசாகச் சிரிப்பு பரவியது.

தெமுகிசாவுக்கு எழுந்திருக்க வேண்டும் என்றிருந்தது. 'அப்படிச் சொல்லச் சொன்னது நான்' என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. சொன்னால், ஏழு வருஷமாக இன்னும் எத்தனை பேரை இப்படிப் பேச வைத்தாய் என்று கேட்பார்கள். கேட்டால் அவளிடம் கணக்கு இல்லை. அடுத்த புதன்கிழமை இன்னொரு டி.வி. கூட்டம் விமானத்தில் வந்து இறங்குகிறது. மாமா அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் மருமகளைக் காட்டிக்கொடுத்தது போலாகும் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் திரும்பியிருந்தால் எழுந்திருப்பேன் என்று பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள். அதுவும் ஒரு சாக்குதான்.

செலுகா நிலம் தரவில்லை. அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் பின்வாங்கினார்கள். தினிலாவு கூட்டம் முடிகிற வரை முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு தேவாலயம் முடிந்த கையோடு தெமுகிசா செலுகா வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நேத்து ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"மண்டபத்துல பேசி முடிச்சத வீட்டு வாசல்ல மாத்துற வழக்கம் இங்க உண்டா? உனக்குத் தெரியாததா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கே சங்கடமாக இருந்தது.

அங்கிருந்து மாமா வீட்டுக்குப் போனாள். அவர் மேஜையில் ஒரு ஃபாரத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரிஸ்பேனில் இருக்கும் மகன், அப்பா அழுததைப் பார்த்துப் பதறிப்போய், தன்னோடு வந்து குடியேறச் சொல்லி அனுப்பியிருந்தான்.

"மாமா, அடுத்த கூட்டத்துல நான் எந்திரிச்சுச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"கப்பல விட்டு வந்த பதினஞ்சு வருஷமா அந்த மண்டபத்துல பேசியிருக்கேன்" என்றார். "நாலு செகண்டு வீடியோவுக்கு முன்னாடி அது நிக்கல. இனி நீ சொல்லி நான் என்ன பேசப்போறேன்?"

அவள் அழுதாள். அவர் அவளை அழ விட்டார். பிறகு பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"அந்த வீடியோவ நானும் நாலஞ்சு தடவ பார்த்துட்டேன் தெமு. பார்க்கப் பார்க்க எனக்கே, இந்த ஆளு போயிடுவான்னுதான் தோணுது. உனக்குத்தான் இங்கிலீஷ் வரும். நிரப்பிக் குடு."

பெயர் எழுதினாள், பிறந்த தேதி எழுதினாள். ஊரை விட்டு வரக் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. படித்துச் சொன்னாள்.

"டி.வி.ல சொன்னதையே எழுது" என்றார் மாமா. "அதைத்தான் எல்லாரும் நம்புறாங்க."

அவள் எழுதினாள்.