முள்ளில் இறங்கிய விமானம்

எனக்கு வாய் நீளம். காவாந்தண்டலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ராணியம்மாளிடம் வாய் கொடுத்துத் தப்பித்தவன் இல்லை என்று. நியாயம் இருந்தால் நான் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்?

அது சித்திரை மாசம். ஏரி ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலையில் பதினேழு பேர் மண் வெட்டிக்கொண்டிருந்தோம். என் மகள் இளவரசி ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கிற வேலைதான் அவளுக்கு. வீட்டில் கிட என்றால் கேட்க மாட்டாள். என் வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

எங்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்துச் செல்போனில் ஏற்றினால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. முகம் சரியாகத் தெரியாவிட்டால் போச்சு. முந்தின வாரம் இருமல் வந்து குனிந்த பாஞ்சாலிக்கு ஆப்சென்ட் விழுந்தது. அதிலிருந்து போட்டோ என்றால் ஒருத்தியும் கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை.

படம் எடுப்பது எங்கள் பொறுப்பாளர் ஷாரோன், சின்னப் பெண். அன்றைக்கு டவர் கிடைக்காமல் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி, இன்னும் எவ்ளோ நேரம்? மாசமா கீற பொண்ணு வெயில்ல நின்னுகினு கீது!" என்றேன்.

"ரெண்டே நிமிசம்க்கா. ஆடாதீங்க."

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் திடீரென்று மாறியது. "ஐயோ, ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினாள். ஒருத்தியும் அசையவில்லை.

"ஆடாதேன்றே, ஓடுன்றே, இன்னா வெளாடுறியா?" நான் சண்டைக்கு நின்றேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் வருவது எங்களுக்கு எப்படித் தெரியும்? என்ஜின் நின்றுபோன விமானத்துக்கு ஏது சத்தம்?

காற்று மட்டும் சீறியது. திரும்பினேன். வெள்ளையாய் ஒரு குட்டி விமானம், பனைமர உயரத்தில், நேராக எங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிதறி ஓடினார்கள். இளவரசி ஓடவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் அவளைத் தொடுவதற்குள் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. இறக்கை தரையில் உரச, கரையோரத்து வேலிகாத்தான் முட்புதருக்குள் போய் முறிந்து விழுந்தது.

"எம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் இளவரசி. அதைக் கேட்டதும் பயம் போய் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முள் வெட்ட வைத்திருந்த கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புதரெல்லாம் பெட்ரோல் வாடை. பாஞ்சாலியும் நானும் முள்ளை வெட்டினோம். மற்றவர்கள் கடப்பாரையால் கதவை நெம்பினார்கள். உள்ளே ஒரே ஒருத்தன், முப்பது வயது இருக்கும். வெளியே இழுத்து, தூரமாகக் கொண்டுபோய்க் கிடத்தினோம். கை ஒடிந்திருந்தது. உடைந்த கண்ணாடி வழியாக ஏறிய முள் உடம்பெல்லாம்.

"கண்ணு அவிஞ்சி பூட்ச்சா ஒனக்கு? அம்மாம் பெரிய ஏரி மொட்டையா கெடக்குது. அத வுட்டுட்டு முள்ளுல வந்து வுழுந்துகீறியே, அறிவு கீதா?"

அவன் மூச்சு வாங்கினான். "ஏரியிலதாம்மா எறங்க வந்தேன். புது விமானம், டெஸ்ட் பண்ண எடுத்துட்டு வந்தேன். மேல என்ஜின் நின்னுடுச்சு. கிட்ட வந்தப்பதான் நீங்க வரிசையா நிக்கிறது தெரிஞ்சுது. அப்புறம் எல்லாரும் ஓடுனீங்க. ஒரு பொண்ணு மட்டும் ஓடல." தலையைத் தூக்கித் தேடிப் பார்த்து, "அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான்.

நல்ல இடம் கண்ணெதிரே இருக்க, தெரிந்தேதான் முள்ளில் போய் விழுந்திருக்கிறான். அந்தப் பிள்ளையையா நான் கண் அவிந்தவன் என்றேன்?

"இளவரசி, இங்க வாடி!" அவளைக் கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்தினேன். "பாரு நைனா. நல்லா பாரு. ரெண்டு உசுரும் நல்லா கீது."

அவன் சிரித்தான். உடனே வலியில் முகத்தைச் சுளித்தான்.

ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆகும் என்றாள் ஷாரோன். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் வளையலிலும் தாலிக்கயிற்றிலும் கிடந்த ஊக்குகளைக் கழற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து முள் எடுத்தோம். பேர் கேட்டதற்கு வசந்த்குமார் என்றான். கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி ஒரு முள் குத்தியிருந்தது. அதை மெதுவாக உருவி எடுத்தேன். "எம் பொண்ணுக்கு வர வேண்டியதெல்லாம் நீ வாங்கிக்கினியே, சாமி!" என்று வாய்விட்டு அழுதேன்.

"நீங்கதாம்மா என்னைக் காப்பாத்துனீங்க. ரொம்ப நன்றி."

"நன்றி சொல்ற ஆளப் பாரு! வாய மூடிக்கினு கெட" என்று அதட்டினேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவனை ஏற்றிவிட்டு, "சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் கூட வாங்க" என்றார் அதில் வந்தவர். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் காகிதத்தை எடுத்தார். "நீங்க இவருக்கு இன்னா வேணும்?"

வண்டிக்கு வெளியே எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இளவரசி வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"கீற ஒறவுலயே பெருசு எதுவோ அத எழுதிக்கோ" என்றேன். "வண்டிய எடு."