பூங்காவனத்தின் விரதம்

என் மகள் சுகன்யாவுக்கு என்ன நோய் என்று ஆரணியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணுபட்டுவிட்டது என்றாள் எதிர்வீட்டுக்காரி. காதல் சமாச்சாரம் என்றான் என் தம்பி. அவனுக்கு எல்லாமே காதல் சமாச்சாரம்தான். தாயத்து கட்டினோம், டானிக் வாங்கினோம், ஸ்கேன் எடுத்தோம். காலேஜுக்குப் போன புதிதில் உடம்பு இளைக்கட்டும் என்று சோற்றைக் குறைத்த பெண், இப்போது நாங்கள் காலில் விழுந்து கெஞ்சினாலும் சாப்பிட முடியாதவளாகிவிட்டாள்.

வேலூர் டாக்டரம்மாதான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"இது மனசு சாப்பாட்டை ஒதுக்கற நோய். பசிக்குன்னு மாத்திரை கெடையாதுங்க. வார்டுல சேர்த்து, தேவைப்பட்டா மூக்கு வழியா டியூப் போட்டு ஆகாரம் குடுக்கலாம். இல்லன்னா வீட்லயே பாக்கலாம். நீங்க ரெண்டு பேரும் அவ கூடவே உக்காந்து, அவ தட்டுல இருக்கிற அதே சாப்பாட்டை உங்க தட்டுலயும் வச்சு சாப்பிடணும். கவுன்சிலிங்குக்கு வாரா வாரம் வாங்க. எடை இன்னும் கொறைஞ்சா இதயம் தாங்காது. அப்போ அட்மிஷன்தான்."

டியூப் என்றதும் சுகன்யா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் வெறும் எலும்புதான். வீட்டிலேயே பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. மகள் வயிறாரச் சாப்பிடும்வரை பொழுது சாயாமல் வாயில் பருக்கை வைப்பதில்லை என்று என் மனைவி பூங்காவனம் ஆடியிலேயே படவேடு அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லிவிட்டார் என்பதற்காக அம்மனுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியுமா? மூன்று தட்டு போட்டாள். இரண்டில் பரிமாறினாள். மூன்றாவதன் முன்னால் தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்தாள்.

சுகன்யா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவின் காலித் தட்டைப் பார்த்தாள். தினமும் அதைத்தான் பார்த்தாள். வார நடுவில் ஒரு மத்தியானம் கேட்டுவிட்டாள்.

"நீ பட்னி கெடந்தா பக்தி. நான் கெடந்தா வியாதியா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னாடி உன் விரதம்? பொண்ணு செத்துகினு கீறா! அவளோட உக்காந்து துன்னுடி!" என்று கத்தினேன். வீட்டுக்கு வீடு ஓடும் தறிகளின் சத்தத்தையும் மீறித் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பூங்காவனம் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்னை இன்னா வேணா பண்ணிக்கோ தாயே, கொழந்தைய வுட்டுடு" என்றாள். பிறகு வந்து உட்கார்ந்து, சாம்பார் சோற்றை அள்ளி வாயில் வைத்தாள். கண்ணீர் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. மென்று மென்று விழுங்கினாள். அதற்குமேல் ஒரு தாய் என்னதான் செய்வாள்? இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன், நம்பாமல் எப்படி இருப்பது.

சுகன்யா அம்மாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு கையிலிருந்த உருண்டையைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தாள். அவள் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறேன் அந்தச் சிரிப்பை.

"நீ தோத்துட்டம்மா" என்றாள். "நான் இன்னும் தாங்கிகினுதான் கீறேன்."

பூங்காவனத்தின் வாயில் சோறு அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"டியூப் போட்டுடுங்கம்மா" என்றேன்.