ரேடியோ அக்காவின் இடது காது

ரேடியோ அக்காவின் இடது காதிலிருந்து பாட்டு வர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது. பெரிய சத்தம் இல்லை. பக்கத்து அறையில் யாரோ அணைக்க மறந்துபோன டிரான்சிஸ்டர் அளவுக்குத்தான். கிதாரோடு ஒரு பெண் குரல், பின்னால் தகர டப்பாவைத் தட்டும் தாளம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருடைய கணவர் செய்தித்தாளை மடித்துவிட்டு மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், கடைசியில் மனைவியின் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"காதுல என்னம்மா மாட்டியிருக்க?"

"தோடுதான். ஏன்?"

"தோடு பாடாதே."

"காலங்காத்தால என்ன கிண்டல் வேண்டிக்கிடக்கு? என்ன பாடுது?"

"நெஜமாவே உனக்குக் கேக்கல?"

கேட்கவில்லை. கணவருக்குக் கேட்டது, மாடிப்படியில் எதிர்ப்பட்ட பால்காரருக்குக் கேட்டது, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரிக்கும் கேட்டது. காதுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் கேட்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்ன விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தார். பாதியில் எழுந்தால் மரியாதையாக இருக்காது என்று பாட்டு முடியும்வரை இருந்துவிட்டுக் கையைக் கழுவினார். "காது சுத்தமா இருக்கும்மா. பாட்டும் நல்லாத்தான் இருக்கு. யாரு பாடினது?" என்றார். அக்காவால் சொல்ல முடியவில்லை. பஞ்சு வைத்து அனுப்பினார்கள். பாட்டு பஞ்சையும் தாண்டி வந்தது, கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த குரலில்.

இத்தனைக்கும் அந்த ஊரில் புதுப் பாட்டு என்றால் அக்காவின் காதுதான் கடைசித் தீர்ப்பு. எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, சமையலறையிலும் கார் நிறுத்தும் கொட்டகையிலும் பதிவு செய்து அனுப்புகிறவர்களின் பாட்டுகளை 'புதுக்குரல்' என்ற நிகழ்ச்சியில் அவர் தினமும் காலையில் ஒலிபரப்பினார். முதலில் கேசட்டாக வந்தன, பிறகு குறுந்தட்டாக, பிறகு கண்ணுக்கே தெரியாத கோப்புகளாக. ஆரம்ப வருஷங்களில் எல்லாவற்றையும் உட்கார்ந்து முழுதாகத்தான் கேட்டார். பிடிக்காத பாட்டுக்குக்கூட ஏன் பிடிக்கவில்லை என்று பாடியவரைக் கூப்பிட்டுச் சொன்னார். பேர் வந்தது. பேர் வந்ததும் பாட்டுகள் மூட்டையாக வந்தன. பாதி கேட்டால் போதும் என்று ஆனது, பிறகு பாதியில் பாதி, பிறகு பாடுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கையை உயர்த்தி "சரி, வை, அடுத்தது" என்பார். எதிரே உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்துவார். ஒலிபரப்பிலும் எந்தப் பாட்டுக்கும் முழு நேரம் கிடையாது; பாதியில் மெதுவாகத் தணித்துவிட்டு அக்கா பேச ஆரம்பித்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் தேன் தடவிய குரலில் ஒரு வார்த்தை மட்டும் தவறாமல் சொன்னார்: "நேத்து முழுக்க நான் இந்தப் பாட்டோடதான் இருந்தேன்." அந்த நேற்றுகளையெல்லாம் கூட்டினால் அவருக்கு இன்னும் இரண்டு ஆயுள் வேண்டியிருந்திருக்கும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

காது திறந்துகொண்ட பிறகு கூட்டத் தொடங்கினார்கள். அங்காடியில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற ஒருத்தி, "அக்கா, இது நீங்க போட்ட பாட்டுல்ல? கடைசியில வயலின் அழும், அதைக் கேட்டு நானும் அழுதேன்னீங்களே. பாட்டே முடிஞ்சிடுச்சு, வயலினே வரலியே" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் இன்னும் மோசம். தபால் நிலையத்தில் ஒருவர், 'காதலர்களுக்கான பாட்டு' என்று அக்கா போட்டது உண்மையில் வீட்டைக் காலி செய்யச் சொன்ன அண்ணனைத் திட்டிப் பாடியது என்று கண்டுபிடித்து வரிசையில் நின்ற எல்லாருக்கும் சொன்னார். என்ன நடக்கிறதென்று விளங்கிக்கொண்டவர் ஒலிப்பதிவாளர்தான். ஒரு வாரம் வேலையோடு வேலையாக அக்காவின் காதைக் கவனித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதெல்லாம் நாம கேக்காமப் போட்ட பாட்டு. வந்த வரிசைப்படிதான் வருது."

"நாம கேக்காமயா?"

"நீங்க கேக்காம."

அக்கா அன்றைக்கே பழைய கோப்புகளைத் திறந்து கேட்க உட்கார்ந்தார். அதற்கும் வழியில்லை என்பது தெரிந்தது. எந்த இடத்தில் கையை உயர்த்தி "சரி, வை" என்றாரோ அந்த இடம் வரைக்கும் பாட்டு கேட்டது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் அவருக்கு வெறும் நிசப்தம். ஒலி அளவு காட்டும் முள் மட்டும் ஏறி இறங்கியது. ஒலிப்பதிவாளர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அக்கா முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிலையம் அவரை நிறுத்தவில்லை. புதுப்பாட்டுக்காரர்களும் கோபித்துக்கொண்டு வரவில்லை. யாராவது வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும். மாறாக, தங்கள் பாட்டின் முறை எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டு நல்ல சட்டை போட்டு வந்தார்கள், அவருடைய இடது பக்கமாக நின்று முழுதாகக் கேட்டுவிட்டு "ரொம்ப நன்றிக்கா" என்று போனார்கள். அக்கா கழுத்துத் துணியைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். கடைக்குப் போவதைக் குறைத்தார். கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது தன் கண்ணைத் தானே பார்க்காமல் நெற்றியை மட்டும் பார்த்தார்.

"ஊர்ல எல்லாரும் பாதி கேட்டுட்டுத் தலையாட்டறவங்கதான்" என்று கணவர் சமாதானம் சொன்னார். "நான்கூட நீ பேசறதை அப்படித்தான் கேக்கறேன். என் காது பாடுதா?"

"நீங்க ஊரைக் கூட்டி மைக் வெச்சு ஆட்டலையே" என்றார் அக்கா.

இப்படியே வருஷமும் திரும்பிவிட்டது. மற்றப் பாட்டுகள் ஒரு முறை ஒலித்துவிட்டு அடுத்ததற்கு இடம் விட்டு நகர்ந்தன. மழைக்காலத் தொடக்கத்தில் வந்த ஒன்று மட்டும் நகரவில்லை. முடிந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதைக் கேட்டவர்கள் அக்காவிடம் பேசவில்லை. பேருந்து நடத்துனர் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறந்து நின்றார். கணவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

"என்ன பாட்டுங்க அது? வார்த்தையையாவது சொல்லுங்களேன்."

"சொல்ற மாதிரி இல்லம்மா."

ஒலிப்பதிவாளரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் நெடுநேரம் கம்பிகளைச் சுருட்டுவதுபோல் பாவனை செய்தார். "அக்கா, இது நம்ம பிறந்தநாள் துண்டு" என்றார் கடைசியில்.

பிறந்தநாள் துண்டு அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். புதுக்குரலின் முடிவில் அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைகளின் பெயர்களை அக்கா வாசிப்பார். அதற்குப் பின்னணியாக, ஒரு சின்னப் பெண் கை தட்டிக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்று தப்பாக எண்ணிவிட்டுக் கலகலவென்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கிணற்றுக்குள் விழுந்ததுபோல் எதிரொலித்துக்கொண்டே போகும். வந்திருந்த பாட்டு ஒன்றின் தொடக்கம் அது. பாடுகிறவரின் குரல் தொடங்குமுன் அக்கா கையை உயர்த்தி, "அட, இது குழந்தைங்க பாட்டு. இந்தத் துண்டை மட்டும் வெட்டி வை, பிறந்தநாளுக்கு ஆகும்" என்றிருந்தார். ஆயிற்று. ஊரெல்லாம் குழந்தைகள் நாலை விட்டுவிட்டு எண்ணக் கற்றுக்கொண்டார்கள். அப்படி எண்ணிவிட்டுத்தான் மெழுகுவத்தியை ஊதினார்கள்.

"அந்த விட்டுப்போன நாலைத்தான்க்கா பாடறவரு பாட்டு முழுக்கத் தேடறாரு" என்றார் ஒலிப்பதிவாளர். "அலமாரியில தேடறாரு, கட்டிலுக்கடியில தேடறாரு. அந்தக் குழந்தைக்கு நாலு வயசு வரவே இல்லியாம்."

"யாரு அனுப்பினது?"

"நம்ம லிஃப்ட் மெக்கானிக்."

அக்காவுக்கு அப்போது ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருக்கலாம். நிலையக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க வரும் ஒல்லியான மனிதர், கையில் எண்ணெய்த் துணியோடு, ஒரு நாள் அவருடன் லிஃப்டில் ஏறினார். "அக்கா, ஒரு பாட்டு அனுப்பியிருந்தேன். கேட்டீங்களா?" என்றார். "கேக்காம? நேத்து முழுக்க அதோடதான் இருந்தேன். ரொம்ப சந்தோஷமான பாட்டு!" என்றார் அக்கா. மெக்கானிக் எண்ணெய்த் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் தளத்துக்கான பொத்தானை அழுத்தினார், கதவு திறந்ததும் ஒதுங்கி வழிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா லிஃப்டுக்குக் காத்திருந்தால், லிஃப்டுக்காரரான அவர் படியேறிப் போனார். அவருக்கு உடற்பயிற்சியில் ஆர்வம் போலிருக்கிறது என்று அக்கா நினைத்திருந்தார்.

மறுநாள் மாலை, தலையில் துணி இல்லாமல், அக்கா அவர் வீட்டுக்குப் போனார். இரண்டு அறை; சுவர் அவ்வளவு மெல்லிசு, பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தது இங்கே கேட்டது. மெக்கானிக் எழுந்து நின்றார். அவர் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, வந்தவரின் காதைப் பார்த்தாள். பாட்டு அப்போதுதான் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அவள் கை புடவையிலேயே நின்றுவிட்டது.

"இந்தச் சிரிப்பு…" என்றாள். "ஏங்க, உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது" என்றார் மெக்கானிக்.

"தினமும் காலையில குழாயடியில நிக்கும்போது வரும், சுவருக்குள்ளேருந்து. எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சேன். புத்தி பெசகிடுச்சு, வெளிய சொன்னா உங்களுக்கு அதுவும் ஒரு பாரம்னு வாயைத் திறக்கல."

"பக்கத்து வீட்டு ரேடியோ அது, நம்மகிட்டதான் ரேடியோ இல்லியே. நான் அனுப்பினது."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா பாடிக் காட்டச் சொல்லுவே."

மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், அக்காவை அல்ல, அக்காவின் காதை உபசரிப்பதுபோல. அக்கா உட்கார்ந்தார். அந்த இரண்டு பேரும் இடது பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். அறையில் அக்காவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்தார். முகம் முதலில் எதையோ எதிர்பார்த்தது, பிறகு எங்கேயோ குனிந்து தேடியது, ஓர் இடத்தில் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தது, பிறகு தாங்க முடியாமல் கணவரின் தோளில் போய் விழுந்தது. அந்தச் சிரிப்பு எந்த வரிக்கு என்று தெரிந்துகொள்ள அக்கா தன் பேரையும் குரலையும் கொடுத்திருப்பார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"கேக்காமலே போட்டுட்டேன்" என்றார் அக்கா. "ஒரு தடவை பாடுங்களேன். மொகத்துக்கு நேரா பாடினா ஒருவேளை எனக்குக் கேக்கும்."

மெக்கானிக் மாட்டேன் என்று தலையை அசைத்தார். கோபம் இல்லை. "பாடி முடிச்சாச்சுக்கா. லிஃப்ட் குழிக்குள்ள நின்னு ஒரு தடவதான் பாடினேன். பாப்பாவோட சத்தமும் அங்க எடுத்ததுதான். எதிரொலி வருதுன்னு அவளுக்கு அங்க வரப் பிடிக்கும். இனிமே அது வராது."

"துண்டை நாளையிலேருந்து நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க" என்றாள் மனைவி, தோளிலிருந்து நிமிராமலே. "ஊர்ப் புள்ளைங்க பிறந்தநாளுக்கு அவ சிரிக்கிறா, சிரிச்சிட்டுப் போகட்டும். ஆனா அதுக்கப்புறம் வர்றதையும் போடுங்க. முழுசாப் போடுங்க. நடுவுல நீங்க பேசாதீங்க."

மன்னித்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது மெக்கானிக் பின்னால் வந்து, "முழுசாக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னார், லிஃப்டில் எடை கூடிவிட்டது என்று சொல்லும் அதே குரலில்.

மறுநாள் காலை பெயர்களை வாசித்துவிட்டு அக்கா ஒதுங்கிக்கொண்டார். பாட்டு முழுதாகப் போயிற்று. கைதட்டலும் எண்ணிக்கையும் சிரிப்பும் அவருக்குக் கேட்டன; பிறகு முள் மட்டும். முள் எழுந்து, நடுங்கி, ஒரு முறை அடிவரைக்கும் போய்ப் படுத்து, மறுபடி மெல்ல எழுந்தது. பிறந்தநாள்காரர்கள் யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அந்த ஊரில் குழந்தைகள் எண்ணும்போது மூன்றுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் ஐந்துக்குப் போகிறார்கள். மெக்கானிக்கின் மனைவி குழாயடிக்கு ஒரு முக்காலி கொண்டுபோய் உட்கார்ந்து கேட்டாள். மெக்கானிக் மறுபடி லிஃப்டில் ஏறத் தொடங்கினார். அக்காவுடன் ஏறினால் இருவரும் தள எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மெக்கானிக் வீட்டு வாசலை அக்கா தாண்டியதுமே அந்தப் பாட்டு காதைவிட்டு நகர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் எத்தனையோ. 'புதுக்குரல்' இப்போது ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாட்டு. அக்கா அதன் கடைசி மூச்சுவரை கேட்டுவிட்டுத்தான் போடுகிறார், நேற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பழைய பாக்கிகள் தீர வருஷங்கள் ஆகும் என்று ஒலிப்பதிவாளர் கணக்குச் சொன்னார். அக்கா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். துணி கட்டுவதை விட்டுவிட்டார், தலைமுடியை இடது பக்கம் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்கிறார். வெட்கம் போய்விடவில்லை, மூட்டுவலிபோல அது பாட்டுக்குக் கூடவே ஏறி இறங்குகிறது. காலைப் பேருந்தில் அவருக்கு ஜன்னலோர இருக்கையை விடுகிறார்கள்.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்" என்று பின்னாலிருந்து யாராவது சொல்கிறார்கள். "பாட்டெல்லாம் ஜன்னல் வழியா ரோட்டுக்குப் போகுது. நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான வர்றோம்?"

அக்கா திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். பாட்டு இப்போது எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று எதிரே இருப்பவர்களின் முகங்களில் பார்த்துக்கொண்டே, தன் நிறுத்தம் வரைக்கும் போகிறார். முடிவதற்குள் நிறுத்தம் வந்துவிட்டால், இறங்குவதில்லை.