கக்கூஸ் டீச்சரின் அம்மா

கூமாப்பட்டியில் என் பெயர் கக்கூஸ் டீச்சர். சென்னையில் நான் நகரத் திட்டமிடல் பேராசிரியை. பெண்கள் ஒரு ஊருக்குள் எங்கே நடக்கிறார்கள், எங்கே பயப்படுகிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. ஊர்க்காரர்களுக்குக் கடைசி விஷயம் மட்டும் போதுமாயிருந்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் அம்மா கருத்தம்மா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டாள். கூட வேலைக்குப் போன பெண்கள் எல்லோருக்குமே அதுதான் பழக்கம். போன ஆவணியில் காய்ச்சலில் விழுந்தாள். சிறுநீரகம் வரை கிருமி ஏறிவிட்டது, தண்ணீர் குடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சத்தம் போட்டார்.

ராஜபாளையம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் காரில் கூட்டிவந்தேன். ஓட்டியவன் என் சித்தி மகன் வல்லரசு. பாட்டிலை நீட்டினேன்.

“வீட்டுக்குப் போயி குடிச்சிக்கிடுதேன்.”

“டாக்டர் சொன்னது காதுல விழலையா? குடிம்மா!”

“ஏட்டி, கத்தாத. முட்டிக்கிட்டு வந்தா, இந்தப் பயகிட்ட வண்டிய நிறுத்துன்னு எப்படிக் கேக்க?” என்று கிசுகிசுத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் நானே காரை நிறுத்தச் சொன்னேன். என் ஆய்வறிக்கையைப் பார்த்துக் கட்டிய பெண்கள் கழிப்பறை அங்கே இருந்தது. வாசலைப் பின்பக்கம் வரைந்து கொடுத்திருந்தேன். டீக்கடையைப் பார்த்து வைத்திருந்தார்கள், பாவிகள். கடை பெஞ்சு முழுக்க ஆண்கள்.

“இது நான் சொல்லிக் கட்டுனதும்மா. வா, போயிட்டு வருவோம். பொறவு தைரியமாத் தண்ணி குடி.”

என் கையைப் பிடித்துக்கொண்டு பாதிதூரம் வந்தாள். பெஞ்சிலிருந்து மகாராஜபுரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து, “என்ன தங்கச்சி, ஒடம்பு எப்படி இருக்கு?” என்றார்.

“நல்லாருக்கேண்ணே. சும்மா காத்தாட இறங்குனோம்” என்று சொல்லித் திரும்பிவிட்டாள்.

காரில் அழுதுவிட்டேன். “ஒனக்காகத்தானம்மா இம்புட்டும் படிச்சேன்!”

“தெரியும்டி. நல்லாத்தான் கட்டிருக்காக. எனக்குத்தான் கால் எழும்பல” என்று என் கண்ணைத் துடைத்தாள். பாட்டில் திறக்காமலே ஊர் வந்து சேர்ந்தது.

நான் சென்னைக்குத் திரும்பியபின், ஊசி போட பஸ்ஸில்தான் ராஜபாளையம் போய்வந்தாள். அந்த நாட்களில் தொண்டையைக்கூட நனைக்கவில்லை என்று பக்கத்து வீட்டு மாரிச்செல்வி பிறகு சொன்னாள். ஐப்பசியில் கிருமி ரத்தத்தில் கலந்து, அம்மா போய்விட்டாள்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து, பெண்கள் நாலு பக்கமும் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு அவளைக் குளிப்பாட்டினார்கள். தெருவிலிருந்த ஆண்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஒரு சேலை முனை என் கையில் இருந்தது.

“யாரும் பாக்கலம்மா, இப்பக் குடி!” என்று கத்தினேன்.