ஐந்து நாள் மருந்து

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி தளர்ந்துவிட்டிருந்தது. தெய்வநாயகி அதை அவிழ்த்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஆஸ்பத்திரியில் யாரோ அவசரத்தில் கட்டிவிட்டது. அரைகுறை வேலை எதுவும் தீனதயாளனுக்கு ஆகாது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

பந்தலில் கேதத்துக்கு வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பங்காளி மயில்சாமியின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"நாப்பதாயிரம் கோழி வெச்சிருக்கறவன் வாயைக் கட்ட முடியுமுங்களா? கையெட்டற தூரத்துல முட்டை. கொழுப்பு அடைச்சு, கோழிக்குத் தண்ணி உடற எடத்துலயே சாஞ்சுபோட்டான்."

தெய்வநாயகி பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்த மனுஷன் ஒரு மஞ்சள்கரு தின்றதில்லை. கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவித்த முட்டையைப் பிளந்து மஞ்சளை நாய்க்குப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தட்டில் வைத்தவள் அவள்தான். அவரும் உப்பைத் தூவிக்கொண்டு தின்றுவிட்டு எழுந்து போவார். செத்தபிறகு தின்றே செத்தான் என்று ஒரு பெயர்.

மகள் பிரவீனா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டாள். கோயமுத்தூரிலிருந்து மாதாமாதம் பஸ் பார்சலில் அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை அனுப்பி வைக்கிறவள்.

"மாத்திரையத் தவறாமப் போட்டுமா இப்படி ஆகும்? எனக்குப் புரியலம்மா."

தெய்வநாயகி முடிச்சையே தடவிக்கொண்டிருந்தாள்.

பண்ணையில் மருந்து விவகாரம் அவள் பொறுப்பு. கோழிக்குச் சளி பிடித்தால் குடிதண்ணீரில் ஐந்து நாள் மருந்து. தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேற்கொண்டு கொடுத்தால் கோழிக்கு ஈரல் கெடும், முட்டையிலும் மருந்து ஏறும். இருபது வருஷமாக இதில் அவள் ஒருநாள்கூடத் தப்புப் பண்ணியதில்லை. பங்குனியில் அவருக்கு ரத்தம் பரிசோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதம் வந்ததும் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவரும், "நீ சொன்னாச் சரி" என்று விட்டுவிட்டார்.

காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தாள். சின்ன வயசுப் பையன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாக விளக்கினான்.

"சாப்பாட்டுல வர்ற கொலஸ்ட்ரால் கொஞ்சந்தாம்மா. உடம்புக்குத் தேவைன்னு ஈரலே அதைத் தயார் பண்ணும். இவருக்கு அது அளவுக்கு மேல இருந்திருக்கு. மாத்திரை போட்டதாலதான் ரிப்போர்ட் நல்லா வந்துச்சு. நிறுத்தினதும் மறுபடி ஏறியிருக்கும்."

பந்தலில் மயில்சாமி இன்னும் விடவில்லை. "நாக்கைக் கட்டியிருந்தா இன்னும் இருவது வருசம் இருந்திருப்பான்."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அவரு ஒண்ணும் திங்கலை கண்ணு," என்றாள் மகளிடம். "மாத்திரைய நாந்தான் நிறுத்திப்போட்டேன். ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சு, தேறிட்டாருன்னு நெனச்சேன். ஆறு மாசமாச்சு. நீ அனுப்புனதெல்லாம் கோழி மருந்துப் பொட்டியில அப்படியே கெடக்குது."

தோளில் கிடந்த பிரவீனாவின் கை மெல்ல விலகி மடிக்குப் போனது.

கொட்டகைப் பக்கமிருந்து வேலைக்காரி பெருமாயி வந்தாள். எழவு வீடானாலும் கோழிக்குத் தண்ணீர் வைத்துத்தானே ஆக வேண்டும். சேலைக் கரை நனைந்திருந்தது. தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து குனிந்தாள்.

"ஏனுங்கக்கா, இந்நேரத்துல கேக்கக்கூடாதுதானுங்க. கோழியெல்லாம் தெளிஞ்சிருச்சு. நேத்தோட அஞ்சு நாளும் ஆச்சுங்க. மருந்த நிறுத்திரட்டுங்களா?"

தெய்வநாயகியின் கை மறுபடி அந்த முடிச்சுக்குப் போனது. பிரவீனா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

மருந்து அளக்கிற குவளையைக் கையில் வைத்துக்கொண்டு பெருமாயி நின்றுகொண்டிருந்தாள்.