எட்டாம் வகுப்பின் ‘ஓம் சேர்’

புத்தூரில் பஞ்சலிங்கம் வாத்தியாரைப்போல் கணக்கு விளங்கப்படுத்த ஆளில்லை என்று ஒருவர் சொல்லித் திரிந்தார். அவர் பஞ்சலிங்கம்தான். கரும்பலகையில் கணக்கை முடித்துவிட்டு “விளங்கிச்சோ?” என்பார். எட்டாம் வகுப்பு தேவாரம் படிப்பதுபோல ஒரே குரலில் தலையாட்டி “ஓம் சேர்” என்னும். அந்த ஓமிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும். தவணைச் சோதனை வந்தால்தான் பட்டினி.

இனியும் பிள்ளைகள் கவிழ்ந்தால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுப்பேன் என்று அதிபர் மார்க்கண்டு சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் ஆசிரிய ஆலோசகர் பத்மாவதி புதன்கிழமைகளில் கோப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வரத் தொடங்கினார். இருவரும் பயிற்சிக் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆகவே முகத்தாட்சணியம் குறைவு.

முதல் புதன், பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, “உந்த ‘விளங்கிச்சோ’வை விடும்” என்றார் பத்மாவதி. விட்டார். அடுத்த புதன் “பிடிபட்டுதோ?” என்று கேட்டார்.

“சால்வையை மாத்தினால் ஆள் மாறுமோ?” என்றார் பத்மாவதி.

அதற்கடுத்த கிழமை பத்மாவதி சோக்குக்கட்டியை வாங்கிக்கொண்டு அவரைப் பின்வரிசை வாங்குக்கு அனுப்பினார். முழங்கால் மேசையில் இடிக்க இருந்தவர், முன்னாலிருந்த குணலட்சுமியின் கொப்பியை எட்டிப் பார்த்தார். அரையையும் காலையும் கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதியிருந்தாள். ஓம் சொல்வதில் அவளுக்குத்தான் பெரிய குரல். வாத்தியாரிடம் இல்லையென்று சொல்லக்கூடாதென வளர்த்த பிள்ளை.

பிறகு புதன்தோறும் பள்ளி விட்டதும் ஒத்திகை. பத்மாவதி மக்குப் பிள்ளையாக நடித்தார். அதில் அவருக்கு இருந்த சந்தோஷம் பஞ்சலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

அதிபர் வகுப்புப் பார்க்க வந்த புதன்கிழமை, பஞ்சலிங்கம் பாதியில் நிறுத்தி, “எது விளங்கேல்லை?” என்று கேட்டார். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். பஞ்சலிங்கம் பொறுத்திருந்தார். கடைசியில் குணலட்சுமி எழும்பினாள்.

“சேர், கீழை இருக்கிற எண்ணுகளை ஏன் கூட்டக்கூடாது?”

“அரை றாத்தல் பாணும் கால் றாத்தல் பாணும் வாங்கிறாய். உன்ரை கணக்குப்படி வீட்டை எவ்வளவு கொண்டு போவாய்?”

அவள் யோசித்தாள். “ஆறிலை ரண்டு, எண்டால் மூண்டிலை ஒண்டு. ஐயோ சேர், அரையிலும் குறைஞ்சு போச்சு.”

வகுப்பு சிரித்தது. பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்று பழகிய பிள்ளைகளுக்கு அது சின்ன இழப்பில்லை. ஆளுக்காள் கொப்பியைத் திருத்தத் தொடங்கினார்கள்.

“அடுத்த தவணையும் நீரே எடும்” என்றார் அதிபர் வெளியே வந்து. “விளங்கிச்சோ?”

நாக்கு நுனிவரை வந்த ஓமைப் பஞ்சலிங்கம் விழுங்கினார். “ஒண்டு விளங்கேல்லை சேர். பத்மாவதி இனியும் வருவாவோ?”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்த பத்மாவதி, “வராமல் என்ன? உம்மடை கரும்பலகை எழுத்து இன்னும் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் கிடக்கு” என்றார்.